எண்பதின் கடைக்குட்டி

தம்பி,

முதியோர் இல்லம் பற்றி அம்மாவிடம் பேசிவிட்டு எழுதச் சொன்னாய். சனிக்கிழமை டுலூத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். அவள் மூத்தோர் நீச்சல் போட்டியில் இருந்தாள். குளியலறையில் விழுந்து எழுந்தவள் இப்படிச் செய்யலாமா என்றே பேச்சை ஆரம்பிக்க நினைத்துக் குளத்துக்குப் போனேன்.

அங்கே ஐந்தைந்து வயதுக்கு ஒரு பிரிவு. எழுபத்தொன்பதில் அம்மாதான் தன் பிரிவின் கிழவி. போன வாரம் எண்பது ஆனதும் புதுப் பிரிவில் அவளே சின்னவள். அதில் அப்படியொரு பூரிப்பு!

"தங்கம் எனக்குத்தான்னு நிம்மதியா இருந்தேன். உனக்கு இப்பவாடி எண்பது ஆகணும்?" என்றாள் எண்பத்து நான்கு வயது வெர்னா.

"பெரியவங்க முன்னாடி போங்க. நான் வந்து முந்திக்கறேன்," என்றாள் அம்மா.

தண்ணீருக்குள் நின்றே தொடங்கலாம் என்றார் நடுவர். அம்மா கேட்கவில்லை. குதிக்கும் மேடையில் அவள் முழங்கால்கள் நடுங்கின. பிடித்துக்கொள்ள எழுந்து ஓடினேன். அதற்குள் குதித்துவிட்டாள்.

தண்ணீரில் அந்த நடுக்கம் இல்லை. நம்மைச் சுமந்த தோள்கள் அவசரமே இல்லாமல் குளத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போயின. நான் எதற்கும் எளிதில் வியப்பவள் அல்ல, உனக்குத் தெரியும். கைதட்ட மறந்து நின்றேன்.

வெர்னாதான் வென்றாள். "அடுத்த வருஷம் நீ எண்பத்தஞ்சுக்குப் போயிடுவே. அப்புறம் இங்க நான்தான்," என்றபடி தலையைத் துவட்டினாள் அம்மா.

பேச வந்ததை நான் பேசவில்லை. நீயே வந்து சொல். ஆனால் அவள் நீந்துவதைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லிவிடு.

அக்கா