பிள்ளைமடுவத்துப் படம்

ஸ்காபரோ, கனடா
12.02.2006

அன்புள்ள பரிமளத்துக்கு,

நானும் அவரும் சுகமா இருக்கோம். நீயும் அழகமுத்து அண்ணனும் எப்படி இருக்கீங்க? தீபாவளிக்குப் போட்ட கடிதத்துக்கு நீ பதில் போடல. தபால்காரர் மேல பழியைப் போடாத, எனக்கு உன்னத் தெரியும்.

இங்க முழங்கால் வரைக்கும் பனி. நான் இன்னும் அதே பேக்கரியில பாண் பொதி கட்டுற வேலைதான். ஞாயித்துக்கிழமை மட்டும் லைப்ரரிக்குப் போவேன். அங்க ஒரு மணித்தியாலம் கம்ப்யூட்டர் சும்மா தருவாங்க. அதுல 'பீலிக்கரை'ன்னு ஒரு பேச்சுப் பக்கம் இருக்கு. கஹவத்தைப் பக்கத்து ஆள் ஒருத்தர், ஜனகன்னு பேர், இப்ப ஜெர்மனியில இருக்கார், அவர் தொடங்கினது. நம்ம தோட்டங்கள்ல இருந்து வெளியே போனவங்க எல்லாம் அதுல வந்து எழுதுவாங்க. ஒருத்தர் எழுதுறத எல்லாரும் வாசிக்கலாம், கீழேயே பதிலும் எழுதலாம். பெரிய விசயம் ஒண்ணும் இல்ல. ரப்பர்க் கொட்டைய கல்லுல தேய்ச்சு யாருக்கு யாரு சூடு வச்சாங்க, அட்டை கடிச்சா சவுக்காரமா சுண்ணாம்பா, இப்படித்தான் ஓடும். போன மாசம் முழுக்க அட்டைச் சண்டை. நான் சவுக்காரம் கட்சி.

போன கிழமை யாரோ நம்ம ஹீன்கந்தைத் தோட்டத்துக் கொம்பனிக்காரங்க பக்கத்த அதுல கொண்டு வந்து ஒட்டியிருந்தாங்க. வெளிநாட்டுல தேயிலை விக்கிறதுக்காகப் போட்ட பக்கம். திறந்து பார்த்தா, கொழுந்துக்குப் போறவங்க பிள்ளைங்கள விட்டுட்டுப் போற நம்ம மேல் டிவிசன் பிள்ளைமடுவம். சுவருக்கு மஞ்சள் பெயின்ட். வரிசையா மரத்தொட்டில். புதுப் பைப்புல பிள்ளைங்க கை கழுவுதுங்க. நடுவுல நீலச் சாரியில நீ, இடுப்புல ஒரு பிள்ளை. நாலு வருசத்துக்குப் பிறகு உன் முகத்தப் பார்க்கிறேன். எனக்கு அழுகை வந்துருச்சு. பக்கத்துக் கதிரையில இருந்த சீனாக்காரப் பொண்ணு கடதாசி லேஞ்சி ஒண்ண எடுத்து நீட்டினா.

நாம படுத்துக் கிடந்த மடுவமா அது? அப்ப சாக்குத் தொட்டில்தானே. ஒரே தொட்டில்ல நம்ம ரெண்டு பேரையும் தலைமாடு கால்மாடாப் போட்டதா அம்மா சொல்லுவாங்க. இப்ப நீ அங்க ஆயம்மா. உங்கள நல்லா வச்சிருக்காங்கன்னு பார்த்து மனசு நிறைஞ்சிருச்சு. எல்லாத்தையும் விரிவா எழுது.

உன்
துஷி


மேல் டிவிசன், ஹீன்கந்தைத் தோட்டம்
ஓப்பநாயக்க
19.03.2006

அன்பான துஷிக்கு,

பதில் போடாதது என் பிழைதான். மன்னிச்சுக்க. நீ அழுதேன்னு வாசிச்சு நான் சிரிச்சேன். இவர் என்ன சிரிப்புன்னு கேட்டார். அவருக்கும் வாசிச்சுக் காட்டினேன், அவரும் சிரிச்சார். பிறகு ரெண்டு பேரும் பேசாம இருந்தோம்.

அந்தத் தொட்டில் எல்லாம் பெரிய டிவிசன்ல இருந்து லொறியில வந்தது. படம் பிடிச்சவங்க ஜீப் வளைவு தாண்டுறதுக்குள்ள திரும்ப ஏத்திட்டாங்க. அதுல ஒண்ணுல ஒரு பிள்ளை தூங்கிருச்சு, தூக்கும்போது கத்தின கத்து மலைக்கே கேட்டிருக்கும். நீலச் சாரி வெல்பெயர் ஐயாவோட சம்சாரத்துது. மடிச்சுக் குடுக்கச் சொன்னாங்க, குடுத்தேன். பெயின்ட் அடிச்சது ரெண்டு சுவருக்கு மட்டும்தான், படத்துல விழுற சுவர். கூரையில பீப்பாய் ஏத்தி, வாளி வாளியாத் தண்ணி ஊத்தினதால அந்தப் பைப் பத்து நிமிசம் ஓடுச்சு.

நீ போன பிறகு தொரை பங்களாவ ஹோட்டல் ஆக்கிட்டாங்க. வெள்ளைக்காரங்க வந்து தங்குறாங்க. நீந்துறதுக்குக் குளம் கட்டியிருக்கு. மாகாண சபை ஐயா வந்து ரிப்பன் வெட்டினார், ஊருக்கே வேலை கிடைக்கும்னார். ரெண்டு பேர் ரூம் கூட்டுறாங்க, அவ்வளவுதான். மேல ஊத்துல இருந்து பெரிய பைப் போட்டு, தண்ணி எல்லாம் அங்க போகுது. நாம குளிக்கிற பீலி உனக்கு ஞாபகமிருக்கா, அடிச்சு ஊத்துமே, தலையக் குடுத்து நிக்க முடியாதே. இப்ப அதுல பாசி காஞ்சு கிடக்கு. நாங்க கீழ ஓடுற எளைத் தண்ணியத்தான் தூக்குறோம். ரப்பர் ஸ்டோர் கழிவு கலக்குற இடத்துக்கும் கீழ.

தை மாசம் மடுவத்துல பதினோரு பிள்ளைக்கு வயித்தோட்டம். டிலானின்னு கிராமத்துல இருந்து கொழுந்தெடுக்க வர்ற சிங்களப் பொண்ணு ஒருத்தி, அவ மக மதுஷாவுக்கு ஆஸ்பத்திரியில மூணு நாள் சேலைன் ஏத்தினாங்க. நான் தண்ணிய சுட வச்சுத்தான் குடுக்கிறேன். விறகு பத்தல.

தொரைகிட்ட சொன்னோம். யூனியன் தலைவர்கிட்ட சொன்னோம். எல்லாரும் தலையாட்டுறாங்க. உனக்கு எழுதினா மனசு ஆறும்னு எழுதுறேன்.

அவருக்கு என் வணக்கத்தச் சொல்லு.

அன்புடன்
பரிமளம்


ஸ்காபரோ
07.05.2006

அன்புள்ள பரிமளம்,

உன் கடிதத்த வாசிச்ச பிறகு சும்மா இருக்க முடியல.

மூணு ஞாயிறு உக்காந்து, நீ எழுதினத அப்படியே பீலிக்கரையில அந்தப் படத்துக்குக் கீழ போட்டேன். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா மாத்திக் குடுக்கும், எனக்கு ஒரு விரல்தான். பயப்படாத, உன் பேரையோ டிவிசன் பேரையோ போடல. 'என் தோழி, ஒரு பாவப்பட்ட தோட்டத்துப் பெண்'னு மட்டும் எழுதினேன்.

பிறகு நடந்தத நீ நம்ப மாட்ட. நூத்தி நாப்பது பேர் பதில் எழுதியிருக்காங்க. அட்டைக்கும் சுண்ணாம்புக்கும் அடிச்சுக்கிட்டவங்கதான் எல்லாரும். ஜனகன் அத இங்கிலீஷ்லயும் ஜெர்மன்லயும் எழுதித் தந்தார். மெல்பர்ன்ல ஒரு அக்கா அத அச்செடுத்து, அந்தத் தேயிலை விக்கிற கடையில போய் மெனேஜர் கையில குடுத்துட்டு, தேயிலைப் பெட்டிய திருப்பி வச்சுட்டு வந்தாங்களாம். அதப் பார்த்து மத்தவங்களும் அப்படியே செய்றாங்க. தேயிலை வாங்குற வெளிநாட்டுக்காரங்க இப்ப கொம்பனிக்கிட்ட விளக்கம் கேட்டிருக்காங்க.

மாகாண சபை ஐயாவோட செக்ரட்டரியும் உள்ள வந்து எழுதினார். எல்லாம் பொய், இவங்க நாட்டுக்கு எதிரான ஆட்கள்னு. அதுக்கு ஜனகன் ஒரே ஒரு வரி எழுதினார்: 'ஐயா, தண்ணி வருதா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.' அவர் ஏதேதோ எழுதினார். அடுத்த ஆள் அதே வரிய எழுதினார். அதுக்கு அடுத்தவர் அதையே எழுதினார். அறுபது பேர், பரிமளம். அவர் போயிட்டார்.

நம்ம மாதிரி ஆட்களுக்கு அவங்க பதில் சொல்ல வேண்டி வரும்னு எப்பவாவது நினைச்சோமா?

உன்
துஷி


ஹீன்கந்தை
02.07.2006

துஷ்யந்திக்கு,

ஆபிஸுக்குக் கூப்பிட்டாங்க. பேர் போடலன்னு நீ எழுதியிருந்த. படத்துல இருக்கிறது நான். மடுவத்துல ஒரு ஆயம்மாதான். பேர் எதுக்கு?

தொரை, சின்னத்தொரை, கிளாக்கர் எல்லாரும் இருந்தாங்க. நீ போட்டத அச்செடுத்து வச்சிருந்த கடதாசியப் பார்த்து வெல்பெயர் ஐயா சத்தமா வாசிச்சார். என் புருசனும் நானும் சிரிச்சது, பிறகு பேசாம இருந்தது, அதையும் வாசிச்சார். நான் உனக்கு எழுதினத இன்னொரு ஆள் வாயால நின்னு கேட்டேன். அவர் சம்சாரத்து சாரி கதை வந்ததும் வாசிக்கிறத நிப்பாட்டிட்டு என்னப் பார்த்தார்.

மூணாம் நாள் போலிஸ் லயத்து வீட்டுக்கே வந்துச்சு. கனடாவில யாரு, புலிக்குக் காசு சேர்க்கிற ஆளான்னு கேட்டாங்க. இவரக் கூட்டிப் போய் ஒரு நாள் முழுக்க வச்சிருந்தாங்க. வந்ததுல இருந்து ரேடியோ கூடப் போட விட மாட்டேங்கிறார். உன் கடிதங்கள எல்லாம் அடுப்புல போட்டுட்டார். நான் தடுக்கல.

என்ன மடுவத்து வேலையில இருந்து நிப்பாட்டியாச்சு.

கடிதம் போடாத. உறை வந்தாலே ஆட்கள் பார்க்கிறாங்க.

பரிமளம்


ஸ்காபரோ
20.08.2006

அன்புள்ள பரிமளம்,

போடாதன்னு சொன்ன பிறகும் போடுறேன். கொழும்புக்குப் போற ஒரு ஆள்கிட்ட குடுத்து, அங்கயிருந்து தபால்ல சேர்க்கச் சொல்லியிருக்கேன். உறையில வெளிநாட்டு முத்திரை இருக்காது.

நான் உன்னக் கேட்டிருக்கணும். ஒரு மாசம் பொறுத்து, 'போடவா'ன்னு ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்டா நீ வேணாம்னு சொல்லுவன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கலயோ என்னவோ. நூத்தி நாப்பது பேர் எனக்குப் பதில் எழுதினதுல எனக்குத் தலைகால் புரியல. இங்க ஒருத்தரும் என்கிட்டப் பேசுறதில்ல, பரிமளம். அது உனக்குச் சமாதானம் ஆகாது, தெரியும்.

நான் போட்டத அழிச்சுட்டேன். ஆனா மத்தவங்க எடுத்து வச்சதெல்லாம் அப்படியே இருக்கு. அத என்னால திருப்பி எடுக்க முடியாது.

அண்ணன்கிட்ட என்ன மன்னிக்கச் சொல்லு.

துஷி


ஸ்காபரோ
14.01.2007

அன்புள்ள பரிமளம்,

இன்னைக்குத் தைப்பொங்கல். நீ வாசிக்கிறியா, அடுப்புல போடுறியான்னு தெரியல. பால் பொங்கும்போது உங்க வீட்டு வாசல நினைச்சேன். நான் இப்ப பீலிக்கரைக்குப் போறதில்ல. சுகமா இருக்கேன்னு ஒரு வரி போதும்.

துஷி


மேல் டிவிசன், ஹீன்கந்தை
22.04.2007

அன்பான துஷிக்கு,

ரெண்டு கடிதமும் கிடைச்சுச்சு. ரெண்டையும் அடுப்புல போடல. பதில் எழுத மனசு வரல, இப்பதான் வந்துச்சு.

நடந்ததச் சொல்றேன். எனக்குப் பதிலா மடுவத்துக்கு ஆபிஸ்ல இருந்து ஒரு ஆளப் போட்டாங்க. ரெண்டு நாள்ல இன்னும் நாலு பிள்ளைக்கு வயித்தால போச்சு. மூணாம் நாள் காலையில பேர் பதியுற பெரட்டுக்குப் போன பொம்பளைங்க மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகல. இருவத்தி மூணு பிள்ளைங்களையும் தூக்கிட்டு நேரே ஆபிஸ் வராந்தாவுல கொண்டு போய் உக்கார வச்சுட்டாங்க. என்ன யாரும் கூப்பிடல, எனக்குத் தெரியவும் தெரியாது. டிலானிதான் முன்னால நின்னவ. தொரை சிங்களத்துல, 'இது தமிழ் ஆட்கள் பிரச்சினை, நீ ஏன் வந்த'ன்னு கேட்டாராம். 'மமத் அம்மா கெனெக்'னு சொன்னாளாம், நானும் ஒரு தாய்தான்னு. அதுக்குப் பிறகு புலி கதை எடுபடல. சேலைன் ஏத்தின பிள்ளை அவ பிள்ளைதானே.

ஐப்பசியில தேயிலை வாங்குற கொம்பனியில இருந்து ரெண்டு பேர் பார்க்க வந்தாங்க, மொழி பெயர்க்க ஒரு ஆளோட. தொட்டில் லொறி முதல் நாளே வந்து நின்னுச்சு. பொம்பளைங்க ஒரு தொட்டிலக் கூட இறக்க விடல. வந்தவங்க, அந்தக் கடிதம் எழுதினது யாருன்னு கேட்டாங்க. எல்லாரும் என்னப் பார்க்காம இருக்கிறதுக்கு மரத்தையும் வானத்தையும் பார்த்தாங்க. இவர் என் கையப் பிடிச்சார். நான், 'நான்தான்'னு சொல்லிட்டு முன்னால போனேன். காஞ்சு கிடந்த பீலியையும் காட்டினேன், எளையையும் காட்டினேன். குளத்தக் காட்டச் சொன்னாங்க. அங்க மட்டும் உள்ள விடல, வேலி வழியாக் காட்டினேன்.

மாசியில நம்ம ஊத்துல இருந்து லயத்துக்கும் மடுவத்துக்கும் தனிப் பைப் வந்துச்சு. காலையிலயும் பின்னேரமும் தண்ணி. குளம் அப்படியேதான் இருக்கு. பைப்புக்கும் மாகாண சபை ஐயாதான் ரிப்பன் வெட்டினார், கை தட்டினோம். எனக்கு மடுவத்து வேலை திரும்பக் கிடைக்கல. கொழுந்தெடுக்கிறேன். பிள்ளைங்க என்னப் பார்த்தா இன்னும் ஆயம்மான்னு ஓடி வருதுங்க, அதுதான் கஷ்டமா இருக்கு.

போன கிழமை கஹவத்தைக்குப் பஸ் ஏறிப் போனேன். அங்க கொம்யூனிகேசன் கடை நடத்துற முஸ்லிம் அக்கா, நூரியா தாத்தான்னு கூப்பிடுவோம், இப்ப ரெண்டு கம்ப்யூட்டர் வச்சிருக்காங்க. பீலிக்கரையக் காட்டச் சொன்னேன். முழுக்க வாசிச்சேன். அந்த அறுபது வரியும் வாசிச்சேன். யாரோ முகம் தெரியாத ஆட்கள், நம்ம தண்ணிக்காக. அழுகை வந்துச்சு. அதுக்குள்ள 'பாவப்பட்ட தோட்டத்துப் பெண்'னு பார்த்தேன். துஷி, ஆபிஸ்ல நின்னப்ப வராத கோபம் எனக்கு அப்ப வந்துச்சு. நீ என்னக் கேக்காமப் போட்டத நான் மன்னிச்சுட்டேன். நான் எப்படி உனக்குப் பாவப்பட்டவ ஆனேன்?

நூரியா தாத்தா பக்கத்துல இருந்து எழுத்துக் காட்டினாங்க, நானே அடிச்சேன். ஒன்றரை மணித்தியாலம் ஆச்சு. 'என் பேர் அ. பரிமளம். ஹீன்கந்தை, மேல் டிவிசன். தண்ணி வருது. மடுவத்துல விறகும் தொட்டிலும் இல்ல. இனிமே எங்க விசயத்த நானே சொல்றேன்'னு போட்டேன். இவருக்குத் தெரியும். 'பேரைச் சரியாப் போட்டியா'ன்னு மட்டும் கேட்டார்.

நீயும் அங்க வா. வராம இருக்காத. ஆனா ஒண்ணு. ஊருக்குச் சொல்ல வேண்டியத நான் அங்க எழுதுறேன். உனக்கு எழுதுறது உனக்கு மட்டும். யாருக்கும் வாசிச்சுக் காட்டாத, அவருக்குக் கூட.

அதனால இத உனக்கு மட்டும் சொல்றேன். நீ ஊரை விட்டுப் போன அன்னைக்கு உன்ன பஸ் ஏத்த நான் வரல. மடுவத்துல பிள்ளைங்கள விட்டுட்டு வர முடியாதுன்னு ஆள் விட்டுச் சொன்னேன். நீயும் அந்த அவசரத்துல யோசிக்கல போல. அன்னைக்குப் போயா நாள், பௌர்ணமி லீவு, துஷி. மடுவம் பூட்டியிருந்துச்சு.

உன்
பரிமளம்