காற்றுப் பிரியும் வரை

பிப்ரவரி 18
போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். குளிக்கும்போது முதுகு தேய்க்க அம்மா கூப்பிட்டாள். அவள் தொடை இடுப்போடு சேரும் இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். நான் பார்த்துவிட்டதைக் கவனித்துவிட்டாள்.

"மிளகா மூட்டை தூக்குனா வரும், படுத்தா உள்ள போயிரும். ஒங்க அய்யாகிட்டக்கூடச் சொல்லாத. ஆம்பள டாக்டர்ட்டப் போயி இதைக் காட்டச் சொல்றியா?"

அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

பிப்ரவரி 27
இன்றும் மூட்டை தூக்கினாள். நான் சொல்லவில்லை.

மார்ச் 3
மத்தியானத்திலிருந்து அம்மாவுக்கு வயிற்றுவலி. பச்சையாக வாந்தி. "குடலேத்தந்தான், நீவுனா எறங்கிரும்" என்று அமுதவள்ளி அத்தை விளக்கெண்ணெய் தடவி நீவிவிட்டாள். அம்மா ஒரு கையால் அந்த இடத்தை மறைத்துக்கொண்டே கத்தினாள். வீக்கம் உள்ளே போகவில்லை போல. நான் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சத்தியத்தை மீறினால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும். மீறாவிட்டால்?

மார்ச் 4, ராமநாதபுரம்
விடியுமுன் ஆட்டோவில் அம்மாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் எங்கே வலி என்றதும் அம்மா தொப்புளை மட்டும் காட்டினாள். சேலையைத் தொடையோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அல்சரா இருக்கும் சார்" என்றார் அய்யா.

"கீழ ஒரு கட்டி இருக்கு சார்."

என் குரல்தான். அம்மா என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வை— அய்யோ.

குடல் அங்கே மாட்டி ரத்தம் போகவில்லையாம். உடனே ஆபரேஷன்.

மார்ச் 5
மாட்டிய குடல் கறுத்திருந்ததாம். விடுவித்து, வெந்நீர்த் துணி சுற்றி, நிறம் திரும்புகிறதா என்று காத்திருந்தார்களாம். சில இடம் சிவந்தது, சில இடம் சந்தேகம். திரும்பிப் பாயும் ரத்தமே குடலைப் புண்ணாக்கவும் கூடுமாம். ரத்தம் வந்தால் போதும் என்றல்லவா வேண்டிக்கொண்டேன்! நாளை மறுபடி திறந்து பார்ப்பார்கள்.

தண்ணீர்கூடக் கூடாது. ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைக்கிறேன். அம்மா என்னோடு பேசுவதில்லை.

மார்ச் 6
கெட்டுப்போன ஒரு சாண் குடலை வெட்டித் தைத்துவிட்டார்கள். மிச்சம் பிழைத்ததா? வயிற்றிலிருந்து காற்றுப் பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று தெரியும். அதுவரை ஊசி, டியூப் எல்லாம்.

மார்ச் 8
வயிறு உப்பியே இருக்கிறது. நர்ஸ் அக்கா வார்டே கேட்கக் கேட்கிறார்: "முருகலட்சுமி, காத்துப் பிரிஞ்சுச்சா?" அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாள். பக்கத்துக் கட்டில் பிச்சையம்மாள், "எனக்கு வேண்டிய மட்டும் இருக்கு தாயி, பாதியத் தரவா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

மார்ச் 9
இல்லை. அய்யா வராந்தாவில் யாருக்கும் தெரியாமல் அழுதார். நான் பார்த்தேன்.

மார்ச் 10
விளக்கணைத்த பிறகு அம்மா என் கையைச் சுரண்டினாள். குனிந்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தபின் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"பிரிஞ்சிருச்சுடி. யார்கிட்டயும் சொல்லிராத."

நர்ஸ் அக்கா வார்டின் அந்தக் கோடியில் இருந்தார். நான் இந்தக் கோடியிலிருந்தே கத்திவிட்டேன்.