இடது கண்

ஜூன் 11
முழங்காலுக்குப் பின்னால் சிவப்பு வட்டம், உள்ளங்கை அகலம். மான் உண்ணி கடித்ததுதான். இந்த ஊரில் இதற்கு யாரும் பதறுவதில்லை. மூன்று வாரத்துக்கு மாத்திரை. பள்ளி பஸ் ஓட்டத் தடையில்லை என்றார் மருத்துவர்.

ஜூலை 30
மாத்திரை முடிந்து மாதமாகிறது. வட்டம் போய்விட்டது, களைப்பு போகவில்லை. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். "வயசாகுது கோரின், ஒத்துக்கோயேன்" என்று என் கணவன் வென்டெல் சிரிக்கிறான். எனக்கு ஐம்பத்து மூன்று. அவனுக்கு என்னைவிட நான்கு வயது அதிகம், படகுத்துறையில் நாள் முழுக்க இயந்திரம் தூக்குகிறான். அவனை அடிக்கலாம் போலிருந்தது. கை எழவில்லை.

ஆகஸ்ட் 28
பள்ளி திறந்துவிட்டது. நாற்பத்தொரு பிள்ளைகள். சமாளித்தேன்.

அக்டோபர் 5
நேற்றிலிருந்து நெற்றியின் இடது பக்கம் எரிகிறது. தொட்டால் சுரீரென்கிறது. இன்று சிவந்துவிட்டது. சனிக்கிழமை தோட்டத்தில் இலை வாரினேனே — மறுபடியும் உண்ணி.

பக்கத்து வீட்டு ஆல்மா வேலி ஓரமாகப் பார்த்துவிட்டு, "டாக்டர்கிட்ட போனா அவரும் அதே உண்ணி மாத்திரையத்தான் தரப் போறாரு. எங்க வீட்ல மீதி கெடக்கு, இரு" என்று ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். இங்கே உப்பு, சர்க்கரையோடு அந்த மாத்திரையும் எல்லா வீட்டிலும் இருக்கும். உடனே ஒன்று விழுங்கினேன்.

அக்டோபர் 7
கொப்புளம். இமை வீங்கிவிட்டது. மாத்திரை கேட்க நாளாகும் என்கிறாள் ஆல்மா.

அக்டோபர் 10
கண் திறக்கவில்லை. வென்டெல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனான்.

பார்த்த மாத்திரத்தில் அங்கிருந்த பெண் மருத்துவர் சொல்லிவிட்டார்: "இது உண்ணி இல்லைங்க. அக்கி."

ஐந்து வயதில் எனக்கு அம்மை போட்டது. அது போகவே இல்லையாம். நாற்பத்தெட்டு வருடமாக நரம்பின் வேரில் படுத்துக் கிடந்து, இப்போது எழுந்திருக்கிறது.

"அந்த உண்ணிக்கடி நோய்தான் எழுப்பி விட்டுச்சா?" என்று கேட்டேன்.

"இருக்கலாம். அடிச்சுச் சொல்ல யாராலயும் முடியாது. ஆனா நீங்க முதல் மூணு நாளுக்குள்ள வந்திருந்தா..."

நான் விழுங்கியது பாக்டீரியாவுக்கான மாத்திரை, வைரஸை அது ஒன்றும் செய்யாது.

அக்டோபர் 12
ஆல்மா சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு அழுதாள். அவளைத் திட்டி என்ன பயன்? விழுங்கினது நான்தானே. முட்டாள். முட்டாள் கழுதை.

நவம்பர் 2
கருவிழியில் தழும்பு. இடது கண்ணுக்கு எல்லாமே பனிமூட்டம். கருவிழி மாற்று அறுவை பற்றிப் பேச ஒரு வருடமாவது ஆகட்டும் என்கிறார்கள். பஸ் இல்லாமல் நான் யார்? இருபத்திரண்டு வருடம் — வேற என்னடி தெரியும் உனக்கு?

நவம்பர் 20
உரிமத்துக்கான பார்வைச் சோதனை. ஒவ்வொரு கண்ணும் தனியாகத் தெரிய வேண்டும். முதலில் வலது கண். படித்தேன், படிக்கும்போதே மனப்பாடம் செய்தேன். பிறகு வலது கண்ணை மூடச் சொன்னார்கள். பலகையே தெரியவில்லை. அதே எழுத்துகளை, நடுவில் ஒருமுறை வேண்டுமென்றே தடுமாறி, ஒப்பித்தேன்.

"அருமை!" கையெழுத்தும் போட்டார்கள்.

வென்டெல் கேக் வாங்கிவந்தான். "நான் சொல்லல? ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னேன்ல?" இரண்டு துண்டு தின்றேன்.

நவம்பர் 22
பாலைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினேன். வென்டெல் பார்த்தான். துணியெடுத்துத் துடைத்தான்.

நவம்பர் 23
விடியும் முன்பே பஸ் பணிமனை. ஏறி உட்கார்ந்தேன். இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்கக் கழுத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. பிள்ளைகள் அந்தப் பக்கமாகத்தான் சாலையைக் கடப்பார்கள். சாவியைப் போடாமலே இறங்கினேன்.

மேலாளர் டுவேன் வந்தான். "என்ன கோரின், ஸ்டார்ட் ஆகலையா?"

"எனக்குக் கண்ணு தெரியல, டுவேன். சோதனையில பொய் சொல்லிட்டேன்."

கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தேன்.

நவம்பர் 24
நேற்று சாப்பிடும்போது வென்டெல் பழக்கதோஷத்தில், "காலையில எத்தனை மணிக்கு எழுப்பணும்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எழுப்ப வேணாம்" என்றேன்.

ஆனாலும் நாலே முக்காலுக்கே விழிப்பு வந்துவிட்டது. ஆறு இருபதுக்கு பஸ் வாசலைக் கடந்து போனது. யார் ஓட்டுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை.