மூன்றாவது எக்ஸ்டென்ஷன்

ஆரணி,
ஞாயிறு காலை

அன்பு மகன் ஹேமநாத்துக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், இரண்டு தறியும் சுகம். மஸ்கட்டில் நீயும் சுகம் என்கிறாய், அதில்தான் எனக்குச் சந்தேகம். போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று கட் பண்ணிவிடுகிறாய், கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாதல்லவா.

பொங்கலுக்கு வருகிறேன் என்றாய், பிராஜெக்ட் எக்ஸ்டென்ஷன் என்று நின்றுவிட்டாய். சித்திரையில் விசா எக்ஸ்டென்ஷன். இப்போது ஆடிக்கும் ஏதோ எக்ஸ்டென்ஷன். எனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஊர் பெருத்து வயக்காட்டில் எக்ஸ்டென்ஷன் நகர் வந்தது, மாணிக்கவேல் மாமா ரிடையர் ஆகியும் ஒரு வருஷ எக்ஸ்டென்ஷனில் டிபன் பாக்ஸோடு ஆபீஸ் போகிறார், பக்கத்து வீட்டு லாவண்யாவுக்கு நிச்சயதார்த்தத்தன்று பியூட்டி பார்லர் எக்ஸ்டென்ஷனில் இடுப்பு வரை முடி வந்துவிட்டது. உன்னுடையது மட்டும் தெரியவில்லை. போன செவ்வாய் பகல் பதினோரு மணிக்கு வீடியோவில் வந்தாய், கழுத்தில் ஐடி கார்டு இல்லை, பின்னால் கொடியில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. நான் எட்டாவதுதான், ஆனால் ஆபீசில் துண்டு காயப் போடமாட்டார்கள் என்கிற அளவுக்குப் படித்திருக்கிறேன். அம்மாவிடம் சொன்னால், புள்ள போன் பண்ணா மூஞ்சியப் பாப்பீங்களா துண்டப் பாத்துகினு இருப்பீங்களா என்று என்னைத்தான் ஏசினாள்.

தவணை கேட்பதில் நான் உனக்கு சீனியர். சந்தவாசல் தனக்கோடி மகளின் முகூர்த்தப் புடவையை, இன்னும் தறியிலதான் இருக்குங்க, நாலு நாள் குடுங்க என்று மூன்று முறை தள்ளிப்போட்டேன். புடவையோ தறியிலிருந்து அறுத்து மடித்து பீரோவில் இருந்தது. டிசைன் அட்டை மாறி முந்தானையில் ஒரு மயில் தலையில்லாமல் விழுந்துவிட்டது, காட்ட வெட்கம். அவர் நேரிலேயே வந்துவிட்டார், வேறு வழியில்லாமல் பிரித்துக் காட்டினேன். மயிலுக்குத் தல இல்லன்னா இன்னா, எம்பொண்ணுக்குப் பொடவ இல்லாமப் போவலாமா, இதுக்கா இத்தினி நாளு பேஜார் பண்ணிகினு இருந்தீங்க என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார்.

உனக்கு வேலை போயிருந்தால் போகட்டும். நான் நினைப்பது தப்பு என்றால், துண்டு காயவைக்கும் அந்தக் கம்பெனி பெயரையாவது எழுது. வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாயிருப்பாய், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. இருக்கிறபடியே கிளம்பி வா.

இப்படிக்கு,
உன் அப்பா
வேணுகோபால்

மறந்துவிட்டேன். மாடி ரூமில் பிளக் கட்டிலுக்கு எட்டாது என்பாயே, நேற்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிக் கட்டிலோரம் வைத்துவிட்டேன். எதற்கு என்று அம்மா கேட்டாள். உன் லேப்டாப்புக்கு என்றேன். உடனே அவள் மாடிக்குப் போய் உன் மெத்தையை எடுத்து வெயிலில் போட்டாள்.