தகுதி இல்லை என்று எழுதிய பள்ளிக்கூடம்

1953 ஜூன் 8, திங்கள்
விடாத மழை. நாளை மலைக்கு. பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட், அங்கே தொழிலாளிப் பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிக்கூடம். கட்டடத்தைப் பார்த்து, தகுதி உண்டா இல்லையா என்று சர்ட்டிபிகேட் எழுதணும். ஓவர்சியர் வேலை இதுதான்.
எடுத்துவைக்க: டேப், குடை, மாற்று வேஷ்டி, அட்டைக்கடிக்கு உப்பு.
சாலைக் கடைத்தெருவில் கொத்தமல்லி வாங்க மறந்தாச்சு. வீட்டுக்காரி செல்லம்மைக்கு முகம் சரியில்லை.

ஜூன் 9
விதுரை வரை பஸ். பிறகு எஸ்டேட் லாரி, அரிசி மூட்டைமேல். முதுகு போச்சு.
ஒரே அறை. மண் சுவர், புல் கூரை. நாற்பத்தொரு பிள்ளைகள். உத்திரத்தைக் குடைமுனையால் குத்தினேன். மூன்று விரற்கடை உள்ளே போயிற்று. கறையான். நேர் கீழே ஒன்றாம் கிளாஸ்.
தங்கம் டீச்சர், சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். முப்பது வயது இருக்கும். நாலு கிளாசுக்கும் ஒருத்திதான்.
"தகுதின்னு எழுதிருங்க சார். சர்ட்டிபிகேட் இல்லாட்டி சர்க்கார்ல கிராண்டு மனுவையே வாங்க மாட்டாங்க. மூணு வருஷமா எழுதுதேன்."
"கூரை விழுந்துட்டா?"
"விழறதுக்கு முந்தி மாத்தத்தானே சார் பணம் கேக்கேன்."
டேப்பைச் சுருட்டிப் பையில் வைத்தேன்.

ஜூன் 10
ஆபீஸ். எழுதவில்லை. பக்கத்து மேஜை நாயர்: "ரெண்டு வரி அல்லே சாரே. கையொப்பிட்டுக் குடுங்க. அவங்களுக்கும் காரியம் நடக்கும்."
பல்வலி. கிராம்பு.

ஜூன் 11
எழுதிவிட்டேன். தகுதி இல்லை. கூடவே தனித்தாளில், புதுக் கூரைக்கு உடனே கிராண்ட் வேண்டும் என்று ஒரு நோட். எங்கள் என்ஜினீயர் பெரிய சார் நோட்டை மட்டும் உருவித் திருப்பித் தந்தார். "இது யாரு கேட்டது?"
செல்லம்மை: "உங்க கை சுத்தமாட்டு இருக்கு. அது போராதா?"
போதுமா?

ஜூன் 23
கொஞ்சம் வெயில். பள்ளிக்கூடத்தைப் பூட்டச் சொல்லிப் போன வாரமே ஆர்டர் போயிருக்கிறது. இன்று தங்கம் டீச்சர் ஆபீசுக்கு வந்தார். வராந்தாவில் நின்றே பேச்சு. சத்தம் போடவில்லை.
"பதினாலு பேரு கொழுந்து பறிக்கப் போயாச்சு சார். சும்மா எதுக்கு இருக்கேன்னு அம்மாமாரு கூட்டிட்டுப் போயிட்டாங்க. மேனேஜருக்குச் சந்தோஷம்."
"மிச்சப் பேரு?"
"கூலிக்காரங்க வீட்டு லயத்துல நான் இருக்க அறையில வச்சுச் சொல்லிக்குடுக்கேன். அதுவும் தகுதி இல்லைன்னு எழுதிருவீங்களா?"


ஜூலை 6
மூன்று நாளாகப் பேய்மழை. முந்தாநாள் கூரை விழுந்துவிட்டதாம். சொன்னது எஸ்டேட் டிரைவர். பூட்டிக் கிடந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. ஒன்றாம் கிளாஸ் உட்காரும் இடத்தில்தான் உத்திரம் கிடக்கிறதாம்.
பிறகு ஒரு சந்தோஷம். எழுத வெட்கமாக இருக்கிறது. நான் எழுதியது சரி என்ற சந்தோஷம்.

ஜூலை 8
டீச்சரின் மனு திரும்பியது. பழுதுபார்க்கக் கிராண்ட் என்றால் கட்டடம் வேண்டும். இப்போது கட்டடம் இல்லை. நாயர் சிரித்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.
பெரிய சார் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை.
"புதுக் கட்டடத்துக்கு எஸ்டிமேட் நான் போடுதேன் சார். லீவு எடுத்துப் போடுதேன்."
"நிலம் உண்டோ?"
"எஸ்டேட்ல கேட்டு வாங்கிட்டு வாரேன்."
எந்தத் தைரியத்தில் சொன்னேன்!

ஜூலை 12, ஞாயிறு
எஸ்டேட் மேனேஜர் பங்களா வராந்தாவில் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். காலில் அட்டை. "ஸ்கூல் இல்லாமலும் எல்லாம் நடக்குதே" என்றார். உத்திரம் கிடக்கும் இடத்தை ஒருதரம் பாருங்கள் என்றேன். வந்து பார்த்தார். உத்திரத்தைக் கைத்தடியால் தட்டினார். லயத்துக்குக் கீழே பத்து சென்ட் எழுதிக் கொடுத்தார். சரிவு. கல் கட்டிச் சமப்படுத்தலாம்.

ஜூலை 28
எஸ்டிமேட் பாஸ். கல் சுவர், ஓட்டுக் கூரை. பணம் மட்டும் அடுத்த வருஷ பட்ஜெட்டில். அதுவரை சர்க்கார் கணக்கில் அப்படி ஒரு பள்ளிக்கூடம் கிடையாது, ஆகவே டீச்சரும் கிடையாது. அவருக்கு நெய்யாற்றின்கரைப் பக்கம் மாற்றல்.
தங்கம் டீச்சர் என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தார். கையில் மாற்றல் ஆர்டர். புதுக் கட்டடத்துக்கு ஓட்டுக் கூரை என்றேன். தலையாட்டினார்.
"கொழுந்துக்குப் போனதுக இனி வராது சார்."
படி இறங்கிப் போனவர் திரும்பி வந்தார்.
"புதுசா வாறவங்க தமிழ் தெரிஞ்சவங்களா இருக்கணும். மலையாளத்துல அதட்டினா ஒண்ணாங் கிளாஸ் பயந்துரும். நீங்க சொல்லிருவீங்கள்லா?"
எனக்கு அதில் ஒரு அதிகாரமும் கிடையாது.
"சொல்லிருதேன்" என்றேன்.