இருபத்து நான்கு ஷட்டர்கள்

சுல்தான்பேட்டை, வில்லியனூர்
27 ஜூலை, ஞாயிறு

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய வினோதினி அக்காவுக்கு, சமீனா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். கம்பெனி ஹாஸ்டல் சாம்பாரையும் மீறி நீங்கள் அங்கே நலமாக இருக்க துவா செய்கிறேன்.

கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம். போன மாதம் நான் அனுப்பிய வாய்ஸ் நோட்டில் நடுவில் சிரித்துவிட்டேன். அது கொழுப்பில் வந்த சிரிப்பு இல்லை, பயத்தில் வந்தது. எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்புதான் வரும், வயரிங் அப்படி. நீங்கள் என் நம்பரை பிளாக் செய்தது நியாயம். அதனால்தான் தபாலில் வருகிறேன். தபால்காரரை பிளாக் செய்ய முடியாதே.

இந்த முறை ஒழுங்காகச் சொல்கிறேன். நாம் பட்டறையில் புதுப்பித்துக்கொண்டிருந்த பழைய ரயில் பெட்டியின் ஜன்னல் ஷட்டர்களில் எண்களை மாற்றியது நான்தான். ஏப்ரல் முதல் தேதி சாயங்காலம், நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில். கழற்றி அடுக்கியிருந்த இருபத்து நான்கிலும் நீங்கள் சாக்கட்டியால் போட்டிருந்த எண்களை அழித்து, உங்கள் கையெழுத்திலேயே கலைத்துப் போட்டேன். மறுநாள் வந்து ஏப்ரல் ஃபூல் என்று கத்துவதாகத் திட்டம். ஆனால் பிரைமர் அடித்தால் சாக்கட்டி மறைந்துவிடுமே என்று, மறுநாள் காலையிலேயே நீங்கள் அந்த எண்களை ஆணி முனையால் மரத்தில் குத்தி முடித்திருந்தீர்கள். நான் ஸ்கூல் விட்டு வந்து பார்த்தேன். கத்த வேண்டிய வாய் திறக்கவே இல்லை.

மே மாதம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அந்த ஷட்டர் ஒவ்வொன்றும் எந்தக் காலத்திலோ ஓர் ஆசாரி அதனதன் ஜன்னலுக்கென்றே இழைத்தது. ஒரு நூல் இடம் கொடுக்காது. எண்ணைப் பார்த்து மாட்டினால் ஒன்று ஏறவே இல்லை, இன்னொன்று கழன்று விழுந்தது. நம் பட்டறைத் தலைவர் ஜெகநாதன் சார், ஏறினால் போதும் என்று கோபத்தில் மூன்றை இழைத்தே தள்ளிவிட்டார். பிறகு எல்லோர் முன்னாலும், எண்ணு கூட ஒழுங்கா எழுதத் தெரியாத கைக்கு எதுக்கும்மா இந்த வேல என்று உங்களைக் கேட்டார். அப்போது நான் சும்மா இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அக்கா கணக்குல வீக்கு சார் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் கையைக் கழுவி, ஷட்டர் எண்களைப் பதிந்து வைத்திருந்த நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனீர்கள். அடுத்த வாரம் ஸ்ரீபெரும்புதூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

எண்ணை மாற்றியது ஒரு தப்பு. அந்த ஜோக் அதைவிடப் பெரிய தப்பு. என் வாயிலிருந்து வந்த எத்தனையோ மொக்கையில் அது ஒன்றைத்தான் திரும்ப விழுங்க ஆசைப்படுகிறேன்.

வாய்ஸ் நோட் போட்ட அன்றைக்கே பட்டறைக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். இருக்கைக்கு ரெக்சின் தைக்கும் தையலம்மாள் அக்கா கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார். இன்னாடி சொல்ற, இம்மாம் பெரிய காரியத்தப் பண்ணிட்டு தெனம் எங்கூட குந்திகினு பஜ்ஜி துன்னியே, உன் வாய்க்குத்தான்டி மொதல்ல ஒரு ஷட்டர் போடணும் என்றார். ஜெகநாதன் சார் இழைப்புளியைக் கீழே வைத்தார், பெட்டிக்குள் ஏறினார், அரை மணி நேரம் இறங்கவில்லை. இறங்கி வந்து, இருபத்து நாலும் ஏர்ற வரைக்கும் நீ வேற ஒரு வேலையும் தொடக் கூடாது என்றார். எங்க அத்தா விஷயம் கேள்விப்பட்டு, இனி பட்டறைப் பக்கமே போகாதே என்றார். கெடுத்தவள்தான் சரி பண்ணணும் என்று இரண்டு நாள் மல்லுக்கட்டி அனுமதி வாங்கினேன். ஸ்கூலில் எங்களை 'பெட்டி வேலை பார்க்கும் வெட்டிகள்' என்கிறார்கள். சொல்லட்டும், அந்தப் பெயரை வைத்ததே நான்தான்.

முதல் வாரம் ஒவ்வொரு ஷட்டராக எடுத்து ஜன்னல் ஜன்னலாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். வாரம் முடிவதற்குள் நான்குதான் சேர்ந்தது. தோளில் சிராய்ப்பு, விரலெல்லாம் சிலாம்பு. அப்புறம்தான் உங்கள் நோட்டு ஞாபகம் வந்தது. அது தப்பான நோட்டு என்று எல்லோரும் முடிவு கட்டியதால், பெயின்ட் டப்பாவுக்கு மூடியாகக் கிடந்தது. திறந்தேன். எண்ணுக்குப் பக்கத்திலேயே நீங்கள் குறிப்பு எழுதியிருந்தீர்கள். 'ஐந்து: மேல் ஓரத்தில் இரண்டு ஆணித்துளை.' 'பதினொன்று: மூன்றாவது பட்டை விரிசல்.' 'இருபது: யாரோ இதயம் செதுக்கியிருக்கிறார்கள், அழிக்க வேண்டாம்.' அக்கா, அந்தக் குறிப்பைப் பார்த்துப் பார்த்தே இன்னும் பதினான்கைக் கண்டுபிடித்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. குறிப்பு இல்லாத மூன்றுக்கு, ஷட்டர் ஏறி இறங்கும் ஜன்னல் காடியில் தேய்ந்த இடமும் ஷட்டர் ஓரத்தில் தேய்ந்த இடமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்தேன். சார் இழைத்த மூன்றுக்கு மட்டும் தேக்குச் சிம்பு ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி மறுபடி மாட்டினோம். ஒட்டியது நான், பிடித்துக்கொண்டவர் சார். நேற்று சாயங்காலம் கடைசி ஷட்டர் இறங்கியது. இருபத்து நான்கும் ஒரு விரலில் ஏறுகிறது, ஒரு விரலில் இறங்குகிறது.

போன ஞாயிறு ஜெகநாதன் சார் கரையாம்புத்தூருக்கு பஸ் பிடித்துப் போய் உங்கள் அம்மாவைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் திட்டியதை நாலு பேர் முன்னால்தான் திரும்பப் பெறணும் என்று, பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துப் பேசினாராம். உங்கள் முகவரியை வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். நீங்களே எழுதுங்க சார் என்றேன். நான் எழுதினா அது மெமோ மாதிரி இருக்கும்மா என்றார். ஆனால் மெமோவும் எழுதிவிட்டார். பட்டறை போர்டில் ஒட்டியிருக்கிறது: 'ஷட்டர் எண் பதிவில் பிழை ஏதும் இல்லை. பிழை விசாரித்தவருடையது. ஒப்பம், ஜெகநாதன்.' தையலம்மாள் அக்கா வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி அதை வாசிக்க வைக்கிறார்.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி பெட்டியை ஊர் பார்க்கத் திறக்கிறோம். நீங்கள் குத்திய எண்களையெல்லாம் மரத்தூளும் பசையும் வைத்து அடைத்துவிட்டேன். புது எண்ணை நானே குத்திவிடுகிறேன் என்று சார் ஆணியை எடுத்தார். பிடுங்கி வைத்துக்கொண்டேன். முறைத்தார், விட்டுவிட்டார். நீங்கள் வராவிட்டால் எண் இல்லாமலேயே திறக்கட்டும். அடுத்த வருஷமும் அப்படியே இருக்கட்டும். வேறு கை படாது.

உங்களுக்கு ஞாயிறு லீவாமே. பத்தாம் தேதி ஒரு நாள் வந்து போங்கள். என்னிடம் பேச வேண்டாம், என் பக்கம் திரும்பவும் வேண்டாம். நான் அன்று பட்டறைக்கு வரக் கூடாது என்றால் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள், வர மாட்டேன். ஆயுசுக்கும் என்னை மன்னிக்காவிட்டாலும் சரி அக்கா. உங்கள் கைக்கு வேலை தெரியாது என்று மட்டும் நீங்கள் நம்பிவிடாதீர்கள்.

சிரிக்காமல் எழுதி முடித்த,
சமீனா