ஷாம்பூ இல்லை, சான்ஃபூ

மார்ச் 4
மருத்துவமனை வரவேற்பு மேசையில் சீட்டு எழுதி எழுதிக் கை தேய்ந்தது போதும். சீன மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு வாய்மொழித் தேர்வு வைக்கிறார்கள். மாலை வகுப்பில் இன்று ஒரு சொல்: சான்ஃபூ. ஒருவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்வது. வீட்டுப் பேச்சுக்கு வெறும் ‘ஃபூ’ போதுமாம். மருத்துவமனையில் முழுச் சொல்லும் வேண்டும். ‘சான்’ ஏறாமல் இறங்காமல் நேராக நிற்க வேண்டும். ‘ஃபூ’ கேள்வி கேட்பதுபோல மேலே ஏற வேண்டும்.

மார்ச் 5
பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். இவர் கேட்டுவிட்டார். “என்னடி, ஷாம்பூ தீர்ந்துபோச்சா?” மாமியாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. ஏறட்டும்.

மார்ச் 11
இப்போது என் பெயரே ஷாம்பூ. நாத்தனார் வந்திருந்தாள். அவளிடம் சொல்கிறார்: “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு கேப்பாங்க. நம்ம வீட்டுக் கழுதை சீனமே படிக்குது!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? மானங்கெட்டவள்.

மார்ச் 20
தேர்வு. படத்தில் ஒரு நர்ஸ் கிழவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகிறாள். தெரிந்த சொல்தான். வாயைத் திறந்தால் காதில் இவர் குரல். “ஷாம்பூ” என்றேன். தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். “அப்படி ஒரு சொல்லே இல்லைங்களே.” திருத்திச் சொல்ல நாக்கு புரளவில்லை.

வேலை என்னோடு வகுப்புக்கு வந்த மருந்துக்கடைப் பெண்ணுக்குப் போய்விட்டது.

மார்ச் 21
“நான் அன்னைக்கே சொல்லல?” என்றார். விசிலடித்துக்கொண்டு குளிக்கப் போனார். பாவி மனுஷா, நான் ஜெயிச்சா உனக்கு என்ன குறைஞ்சுபோகும்? வயிறு எரியுது.

ஏப்ரல் 9
மாடிப்படியில் சறுக்கி இவருக்குக் கால் முறிந்துவிட்டது. தொடைவரை மாவுக்கட்டு. மாமியார் தனக்கு இடுப்பு வலி என்று மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். இவரைப் படியிலிருந்து நான் தள்ளவில்லை.

ஏப்ரல் 12
காலையில் குளியலறையிலிருந்து கூப்பிட்டார். உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை.

“கை குடுடி.”

கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். “அதுக்கு ஒரு சொல் இருக்குங்க. சொல்லுங்க.”

“விளையாடாதே.”

“சொல்லுங்க.”

“ஷாம்பூ…”

“அப்படி ஒரு சொல்லே இல்லைங்களே.”

போய் அடுப்பை அணைத்தேன். துணிகளை மடித்து வைத்தேன். திரும்பி வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். “சான்ஃபூ… சான்ஃபூ, தாயே…”

‘சான்’ சரியில்லை, நடுங்குகிறது. ‘ஃபூ’ மட்டும் அழகாக மேலே ஏறியது. கெஞ்சும்போது அது தானாக வந்துவிடுகிறது.

“இன்னொரு தடவை” என்றேன்.